திரை நின்றால் நிற்கட்டும்

இரண்டு வருடம் முன்பு, தை மாதக் கடைசி. குத்தாலத்துக்குத் தெற்கே விவசாயிகளே ஒரு குழுவாகச் சேர்ந்து நடத்தும் நெல் கொள்முதல் களம் ஒன்றில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. சென்னையில் ஏழு வருடம் சர்வர்களோடு மல்லுக்கட்டிவிட்டு, குழந்தை பிறந்ததும் ஊருக்குத் திரும்பியவள் நான். கணவர் சவூதியில் இருக்கிறார். படித்த படிப்புக்கு நெல் களத்தில் என்ன வேலை என்று எங்கள் தெருவில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அடுத்தவர் வாய்க்குப் பயந்து நான் எதையும் மாற்றிக்கொண்டதில்லை, ஒரே ஒரு தடவை தவிர. அந்த ஒரு தடவையைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் எங்கள் களத்தின் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். அறுவடை முடிந்து நெல் வந்ததும் அவரவர் களத்தில் அம்பாரமாகக் குவித்து, தங்கள் படுதாவைப் போட்டு மூடிவைத்துக் காத்திருப்பார்கள். ஆளுக்கு ஒரு டோக்கன் எண். முறை வரும்போது எடைக் கொட்டகையில் இருக்கிற எடைக்காரர் குவியலிலிருந்து கைப்பிடி நெல்லை எடுத்து ஈரப்பதம் பார்ப்பார். பதினேழு சதவீதத்துக்குள் இருந்தால் சரி. அதையும் நெல்லின் படத்தையும் தன் மடிக்கணினியில் ஏற்றுவார். திரையில் 'பதிவு ஆனது' என்று பச்சை எழுத்து வந்ததும் குரல் கொடுப்பார். ஒரு ஆள் சுண்ணாம்புத் தண்ணீரை எடுத்துப்போய்க் குவியலின் மேல் குறுக்கே இரண்டு கோடு போட்டுவிட்டு வருவார். அதற்குப் பெயர் குறி. குறி விழுந்துவிட்டால் அந்த நெல் களத்தின் பொறுப்பு. நனைந்தாலும் காய்ந்தாலும் விவசாயி கவலைப்பட வேண்டாம். குறி விழுந்த மறு நிமிடமே அவர் தன் படுதாவை உருவி, அப்போதுதான் வந்து இறங்கியவருக்குக் கொடுத்துவிட்டுப் போவார். யார் போட்ட சட்டம் என்று தெரியாது. களத்தில் படுதா எப்போதும் பற்றாக்குறை என்பதால் தானாக வந்த வழக்கம்.

இந்தப் பச்சை எழுத்துக்குப் பின்னால்தான் என் வேலை இருந்தது. எடைக்காரர் மடிக்கணினியில் ஏற்றுகிற பதிவு அந்த மடிக்கணினியில் தங்காது. அலுவலக அறையில் லினக்ஸ் ஓடும் ஒரு சர்வர் இருந்தது. அதிலுள்ள ஒரு ஃபோல்டரை நெட்வொர்க் வழியாகக் கொட்டகையின் மடிக்கணினியில் மாட்டிவைத்திருந்தேன். எங்கள் தொழிலில் இதை மவுண்ட் செய்வது என்போம். எடைக்காரருக்கு அது தன் மெஷினில் இருக்கிற ஃபோல்டர் மாதிரியே தெரியும். இப்படி மாட்டும்போது, மறுமுனையில் சர்வர் பதில் சொல்லாவிட்டால் என்ன செய்வது என்று ஒரு வரியில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். அந்த வரியில் ஹார்டு என்றும் எழுதலாம், சாஃப்ட் என்றும் எழுதலாம்.

நோன்பு மாதத்தில் பக்கத்து வீட்டுக்குத் தூக்குவாளியில் கஞ்சி கொடுத்தனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போன வீட்டில் கதவு சாத்தியிருக்கிறது. ஹார்டு என்றால், போன ஆள் கதவு திறக்கும்வரை தூக்கோடு அங்கேயே நிற்பார். ஒரு மணி நேரமானாலும் கஞ்சியைக் கையில் சேர்த்துவிட்டுத்தான் வருவார். சாஃப்ட் என்றால், இரண்டு மூன்று தடவை தட்டிப் பார்ப்பார். திறக்காவிட்டால் கஞ்சியை அங்கேயே கொட்டிவிட்டுத் திரும்பிவந்து, 'கதவு திறக்கலை' என்று ஒரு வார்த்தை முணுமுணுப்பார். நாம் காதில் வாங்கினால் மறுபடி கஞ்சி ஊற்றிக் கொடுத்தனுப்பலாம். வாங்காவிட்டால் பக்கத்து வீடு பட்டினிதான்.

சென்னையில் எனக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம், எழுதுகிற ஃபோல்டர் என்றால் ஹார்டு, கண்ணை மூடிக்கொண்டு ஹார்டு. களத்திலும் அப்படித்தான் போட்டிருந்தேன். சர்வரும், தகவலை டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகுதான் சரி என்று சொல்லும்படி வைத்திருந்தேன்.

பிரச்சினை கரண்டால் வந்தது. எங்கள் பக்கம் லைன் வேலை என்றால் ஒரு நாளில் நாலைந்து தடவை கரண்ட் போகும். சர்வருக்கு இருந்த யுபிஎஸ்ஸின் பேட்டரி செத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. புதிது வாங்கித் தாருங்கள் என்று நானும் கேட்டுக்கொண்டே இருந்தேன். கரண்ட் போனால் சர்வர் படுத்துவிடும். ஜெனரேட்டரை ஓடவிட்டு, சர்வர் எழுந்து உட்கார நாலு நிமிடம் ஆகும். மடிக்கணினியில் பேட்டரி உண்டு என்பதால் அது மட்டும் விழித்திருக்கும். ஆனால் ஹார்டு ஆயிற்றே, சர்வர் வரும்வரை திரை அப்படியே உறைந்து நிற்கும். சர்வர் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தானாக எழுதி முடித்துப் பச்சை எழுத்தைக் காட்டும். ஒரு மணி நெல்லின் கணக்குகூடத் தப்பாது.

அந்த நாலு நிமிடம்தான் யாருக்கும் பொறுக்கவில்லை. வரிசையில் நிற்கிறவர்கள் எடைக்காரரைத் திட்டுவார்கள். எடைக்காரர் மேனேஜரிடம் சொல்வார். மேனேஜர் என்னிடம் வருவார். ஒரு ரைஸ் மில்லில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்தவர் அவர். வேலை தெரிந்த மனிதர்தான். ஆனால் களத்தில் சத்தம் கேட்டால் அவருக்குத் தாங்காது.

"ஏம்மா, செல்போன்ல ஒரு நொடியில பணம் அனுப்புறான். உன் மிஷினு மட்டும் ஏன் மாடு படுத்த மாதிரி படுத்துக்குது?" என்றார் ஒரு நாள், பத்துப் பேர் எதிரில்.

சிரித்தார்கள். அன்றைக்கு எனக்குச் சுருக்கென்று தைத்தது. பெரிய கம்பெனியில் இருந்தவள் என்கிறாள், ஒரு திரையை ஓடவைக்கத் தெரியவில்லை என்று நினைப்பார்களே என்று தோன்றியது. எடைக்காரர் வேறு, எடை மென்பொருள் எழுதிக் கொடுத்தவரிடம் போனில் கேட்டுவிட்டு வந்து, "சாஃப்ட்டுன்னு ஒண்ணு இருக்காமே மேடம், அதப் போட்டா நிக்காதாம்" என்றார். எனக்குத் தெரியாததா? தெரிந்தும் அன்று மாலை உட்கார்ந்து அந்த வரியில் ஹார்டை அழித்துவிட்டு சாஃப்ட் என்று எழுதினேன். ஐந்து விநாடி பொறு, இரண்டு தடவை மறுபடி தட்டு, அப்புறம் விட்டுவிடு. இவ்வளவுதான் நான் அதற்குச் சொன்னது.

அந்த எடை மென்பொருள், திரும்பி வருகிற முணுமுணுப்பைக் காதில் வாங்குமா என்று சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். ஒரு தடவை நானே வேண்டுமென்று சர்வரை அணைத்துப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. அவசரம் என்று சொல்ல மாட்டேன். ரோஷம்.

முதல் ஒரு வாரம் கரண்ட் போகவே இல்லை. அடுத்து மூன்று நாள் லைன் வேலை. கரண்ட் போய்ப் போய் வந்தது. திரை நிற்கவே இல்லை. பதினைந்து விநாடி யோசிக்கும், பச்சை எழுத்தைக் காட்டும். எடைக்காரர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். மேனேஜர், "இத மொதல்லயே செஞ்சிருந்தா என்ன?" என்றார். எனக்கும் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

நாலாம் நாள் மத்தியானம் இரண்டு மணி இருக்கும். கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. தை மாதத்தில் மழை வருமா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் ஊரில் வரும், அதுவும் நெல் களத்தில் கிடக்கிற அன்று பார்த்து வரும். கிடங்கு முந்தின நாள்தான் காலியாகியிருந்தது. அதுவரை உள்ளே இடமில்லாததால் குறி விழுந்த குவியல்கள் மூன்று நாளாகக் களத்திலேயே கிடந்தன. மேனேஜர் கம்ப்யூட்டரில் பதிவான எண்களின் பட்டியலை அச்சடித்து லோடுமேன்களின் மேஸ்திரியிடம் கொடுத்தார். பதினாறு பேர், சாக்கில் அள்ளித் தைத்து, முதுகில் ஏற்றிக் கிடங்குக்கு ஓட ஆரம்பித்தார்கள். ஓட்டம் என்றால் நிஜமாகவே ஓட்டம். காற்று மாறிவிட்டது, மண் வாசனை வந்துவிட்டது.

நான் அலுவலகத்தில் இருந்தேன். வெளியே ஒரு பெண்ணின் குரல் ஓங்கிக் கேட்டது. போய்ப் பார்த்தேன். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஆறு மா, சுமார் இரண்டு ஏக்கர், குத்தகைக்கு எடுத்துத் தனியாகச் சாகுபடி செய்கிறவர் என்று பிறகு தெரிந்தது. தன் குவியலுக்கு முன்னால் நின்றுகொண்டு மேஸ்திரியை மறித்தார். ஆட்கள் அவர் குவியலைத் தாண்டி அடுத்ததை அள்ளப் போயிருந்தார்கள்.

"நூத்தி நாப்பத்தி மூணு, எங்க எண்ணுங்க. இதத் தாண்டிப் போறீங்களே, என்ன ஞாயம் இது?"

"பட்டியல்ல இல்லம்மா. இல்லாதத நான் எப்படித் தூக்குறது?" என்றார் மேஸ்திரி.

"குறி இருக்குல்ல? கண்ணு தெரியலயா உங்களுக்கு?"

குறி இருந்தது. வெள்ளைக் கோடு இரண்டும் பளிச்சென்று இருந்தன. படுதாதான் இல்லை. குறி விழுந்ததும் வழக்கப்படி உருவி வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். அந்தப் படுதா இப்போது மறுபக்கம் ஒட்டியிருந்த குவியலில், இன்னும் குறி விழாத யாரோ ஒருவரின் நெல்லை மூடிக்கொண்டு கிடந்தது. இவருடைய ஆறு மா நெல்லும் வெட்டவெளியில் கிடந்தது. கிடங்கில் இடம் பிடிக்காத நெல் நனைந்தால் இரண்டு நாளில் முளை கட்டும். அதற்குப் பிறகு அதை யாரும் வாங்க மாட்டார்கள்.

மேனேஜர் வந்தார். என்னைப் பார்த்ததும், "கம்ப்யூட்டர்ல இருக்கா, இல்லயா? ஒரே வார்த்தைல சொல்லும்மா" என்றார்.

உள்ளே ஓடிப்போய் சர்வரில் பார்த்தேன். நூற்று நாற்பத்து மூன்று இருந்தது. பெயரோடு ஒரு ஃபைல் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. அளவு பூஜ்யம், அதனால்தான் அச்சடித்த பட்டியலில் வரவில்லை. எடைக்காரர் டோக்கன் எண்ணைத் தட்டியதும் ஃபைல் பிறந்துவிடுகிறது. ஈரம் பார்த்து, படம் எடுத்து, உள்ளே எழுதப் போகும்போது கரண்ட் போயிருக்கிறது. மடிக்கணினி தனக்கு நடந்ததையெல்லாம் குறித்துவைக்கும் லாகைத் திறந்தேன். முந்தைய மாதங்களில் கரண்ட் போன இடங்களில் எல்லாம், சர்வர் பதில் சொல்லவில்லை, இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன் என்று எழுதியிருக்கும். இந்த மூன்று நாளில் அந்த வரியே இல்லை. சர்வர் பதில் சொல்லவில்லை, நேரம் கடந்துவிட்டது என்று மட்டும் இருந்தது. நூற்று நாற்பத்து மூன்றின் நேரமும் அந்த வரியின் நேரமும் ஒரே நிமிடம். மடிக்கணினி முணுமுணுத்திருக்கிறது. மென்பொருள் அதைக் கேட்கவே இல்லை, பச்சை எழுத்தைக் காட்டிவிட்டது. அந்த எழுத்தை நம்பித்தான் சுண்ணாம்பு விழுந்தது. அதை நம்பித்தான் அந்த அம்மா படுதாவைக் கொடுத்தார்.

பூஜ்ய அளவில் இன்னும் எத்தனை என்று தேடினேன். மொத்தம் ஏழு.

மேனேஜர் பின்னாலேயே வந்து நின்றார். நான் சொன்னதைக் கேட்டதும் கதவைச் சாத்தினார். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். இல்லை, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வெளில போயி இதச் சொல்லாத. ஒண்ணு தப்புன்னு தெரிஞ்சா இருக்கிற அத்தனையையும் தப்புன்னுவானுவ. குழுவே உடைஞ்சு போயிடும். அந்தம்மா ஈரம் பாக்க வரலை, குறிய யாரோ போட்டுட்டாங்கன்னு முடிச்சிருவோம். சுண்ணாம்பு யார் கையிலயும் இருக்கும்."

"அவங்க வந்தாங்க சார்."

"அது உனக்கும் எனக்கும்தான் தெரியும்."

ஒரு நிமிடம் நான் யோசித்தேன். யோசிக்கவே இல்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் பொய். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். லாக் என்றால் என்னவென்று அந்தக் களத்தில் ஒருவருக்கும் தெரியாது. என் தப்பு என்று கண்டுபிடிக்க ஒரு ஆளில்லை. இந்த வேலை போனால் அடுத்து எங்கே போவேன் என்றும் ஓடியது. அதே நேரம், இவர் எதைச் செய்யச் சொல்கிறார் என்றும் உறைத்தது. நடக்காததை நடந்தது என்று திரை சொன்னது. நடந்ததை நடக்கவில்லை என்று இப்போது நான் சொல்ல வேண்டும். அன்றைக்குப் பத்துப் பேர் சிரித்ததற்கு வளைந்தேன், ஏழு குவியல் போயிற்று. இன்னொரு தடவை வளைந்தால் என்னிடம் மிச்சம் என்ன இருக்கும்? எனக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. அவர் மேல் பாதி, என் மேல் பாதி.

ஏழு எண்களையும் ஒரு தாளில் எழுதினேன். 'இவை ஈரம் பார்க்கப்பட்டவை. பதிவு என் தவறால் அழிந்தது' என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"இத வெளில கொண்டு போனா நாளைக்கு நீ இங்க வர வேணாம்" என்றார்.

"நாளைக்கு வர்றதப் பத்தி நாளைக்குப் பேசிக்கலாம் சார். மழை இன்னைக்கு வருது" என்றேன்.

கதவைத் திறந்துகொண்டு போய் மேஸ்திரி கையில் தாளைக் கொடுத்தேன். மேஸ்திரி தாளைப் பார்த்தார், எனக்குப் பின்னால் நின்ற மேனேஜரைப் பார்த்தார். முப்பது வருடம் மூட்டை தூக்கினவர், யார் சம்பளம் கொடுக்கிறார் என்று அவருக்குத் தெரியும்.

"கையெழுத்து உங்களுதாம்மா?"

"என்னுதுதான்."

"பின்னாடி மாத்திப் பேச மாட்டீங்களே?"

"மாட்டேன்."

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. "ஏய், நூத்தி நாப்பத்தி மூணுக்கு வாங்கடா" என்று ஆறு பேரைத் திருப்பினார். எண்களை வாசித்துக்கொண்டே மீதி ஆறு குவியலுக்கும் ஆள் பிரித்தார். அத்தனை பேர் எதிரில் எதைச் சொல்லி மேனேஜர் தடுப்பார்?

நான் அந்த அம்மாவிடம் போனேன். சாக்கு வாயைப் பிடித்துக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கத்தை நான் பிடித்துக்கொண்டு, நடந்ததைச் சொன்னேன்.

"மிஷினு ஆச்சுன்னு காட்டுச்சே, நான் பாத்தேனே. மிஷினு பொய் சொல்லுமா?"

"மிஷினு சொல்லலீங்க. கரண்டு போனா காத்திருக்காதன்னு நான்தான் அதுக்குச் சொல்லி வச்சேன். அதான் உங்களுது விழாமப் போச்சு."

அவர் அள்ளுவதை நிறுத்தவில்லை. மரக்காலால் நெல்லைச் சாக்கில் கொட்டிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார். "எதுக்கும்மா அப்படிச் சொன்ன? நாங்க நிக்க மாட்டமா? ஆத்துல தண்ணி வர ஒரு மாசம் நிக்கிறோம். கதிரு வர மூணு மாசம் நிக்கிறோம். நாலு நிமிசம் நிக்க மாட்டம்னு உன்கிட்ட யாரு சொன்னது?"

அந்த நாலு நிமிடத்துக்கு உண்மையிலேயே யாருக்குப் பொறுமை இல்லாமல் போயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். வரிசையில் நின்றவர்கள் திட்டினார்கள், உண்மை. ஆனால் திரை ஏன் நிற்கிறது என்று நான் ஒரு நாளும் அவர்களிடம் போய்ச் சொன்னதில்லை. சொன்னால் புரியாது என்று நானே முடிவு கட்டியிருந்தேன். படித்த திமிர்.

மழை பிடித்துக்கொண்டபோது நாலேகால். அதற்குள் ஆறு குவியல் முழுதாகக் கிடங்குக்குள் போய்விட்டன. எல்லாவற்றிலும் பெரிய குவியலான நூற்று நாற்பத்து மூன்றில் பத்துப் பன்னிரண்டு சாக்கு நெல் மிச்சம். படுதாவை வாங்கிக்கொண்டவர், மறுபக்கத்துக் குவியல்காரர்தான், அதன் ஒரு தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடி வந்தார். ஒரே படுதாவில் இரண்டு குவியலும் அடங்கவில்லை. இரண்டிலும் ஓரம் நனைந்தது. அந்த அம்மாவின் நெல்லில் நாலு சாக்கு போயிற்று. எல்லாம் தப்பியது என்று எழுத எனக்கும் ஆசைதான். நாலு சாக்கு போயிற்று, அது என்னால் போயிற்று.

கிடங்குக்குள் உட்கார்ந்து ஏழு பேரின் நெல்லுக்கும் மறுபடி ஈரம் பார்த்தோம். எடைக்காரர் அளவைச் சொல்லச் சொல்ல நான் பேப்பரில் எழுதினேன். சாஃப்ட் என்ற வார்த்தையைக் கொண்டுவந்தது தான்தான் என்று அவருக்கு உறுத்தல். "சொன்னது நீங்க, எழுதினது நான். எழுதினவங்கதான் பொறுப்பு" என்றேன். வீட்டுக்குப் போகுமுன் மடிக்கணினியைத் திறந்து, அந்த வரியில் சாஃப்ட்டை அழித்துவிட்டு ஹார்டு என்று எழுதினேன். சர்வர் பிளக்கை நானே பிடுங்கிப் பார்த்தேன். திரை நின்றது. மறுபடி மாட்டினேன். நாலு நிமிடத்தில் சோதனைப் பதிவு ஒரு எழுத்துக் குறையாமல் போய் உட்கார்ந்தது. பத்து நாள் முன்பு செய்திருக்க வேண்டிய சோதனை. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் குழுவின் கூட்டம் கிடங்கிலேயே நடந்தது. தலைவர், இயக்குநர்கள், மேனேஜர், ஓரமாக நான். மேனேஜர் நடந்ததை நடந்தபடியேதான் சொன்னார். அந்த அளவுக்கு அவர் நேர்மையானவர். கடைசியில் மட்டும், "இந்தப் பொண்ண வச்சிக்கிட்டா களம் ஓடாது. மறுபடியும் திரை நிக்கிற மாதிரியே பண்ணி வச்சிருக்கு" என்றார்.

தலைவர் என்னைப் பார்த்து, "என்னம்மா சொல்ற?" என்றார்.

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? எழுந்து நின்று சொன்னேன். "நாலு சாக்கு நெல்லுக்கு நான் பொறுப்பு. என் சம்பளத்துல பிடிச்சுக்குங்க. வேலைய விட்டுப் போகச் சொன்னாலும் போறேன். ஆனா நான் இருக்கிற வரைக்கும் கரண்டு போனா திரை நிக்கும். நிக்கக் கூடாதுன்னா சர்வருக்குப் பேட்டரி வாங்கிக் குடுங்க. அதுவும் முடியாது, இதுவும் கூடாதுன்னா, யாருக்கு அவசரமோ அவங்க வந்து அந்த வரிய மாத்தி எழுதி, பக்கத்துல கையெழுத்துப் போட்டுட்டுப் போகட்டும். நெல்லு நனைஞ்சா அவங்கள வந்து கேப்பாங்க."

யாரும் வந்து எழுதவில்லை. தலைவர் மேனேஜரிடம், "பேட்டரி எவ்வளவு நாளா கேக்குது இந்தப் பொண்ணு?" என்று மட்டும் கேட்டார். பேட்டரி அந்த வாரமே வந்தது. என் சம்பளத்தில் பிடித்தார்கள், மூன்று மாதம். பிடிக்கட்டும். அதில் எனக்கு வருத்தமே இல்லை.

கூட்டம் நடந்த அன்றைக்கே எடைக் கொட்டகையில் ஒரு அட்டை எழுதித் தொங்கவிட்டேன். 'திரை நின்றால் உங்கள் பதிவு போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். போய்ச் சேரும்வரை குறி போடக் கூடாது, படுதாவை எடுக்கக் கூடாது.' ஒவ்வொரு அறுவடையிலும் முதல் நாள் வரிசையில் நிற்கிறவர்களிடம் போய் அதை வாயாலும் சொல்கிறேன். அந்த அம்மா அடுத்த வருடமும் நெல் கொண்டுவந்தார். என்னிடம் சிரித்துப் பேசவில்லை. பச்சை எழுத்து வந்த பிறகு நேராக அலுவலகத்துக்கு வந்து, "உள்ள இருக்கான்னு தொறந்து காட்டு" என்றார். திறந்து காட்டினேன். ஈரம், படம், நேரம் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்துவிட்டுத்தான் படுதாவை எடுக்கப் போனார். அவரைப் பார்த்து இப்போது நாலைந்து பேர் அப்படிக் கேட்கிறார்கள். மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. கேட்கிற அத்தனை பேருக்கும் நான் திறந்து காட்டுகிறேன்.

போன தை மாதம் ஒரு நாள் ஜெனரேட்டரும் பழுது, புது பேட்டரியும் தீர்ந்துவிட்டது. திரை இருபது நிமிடம் நின்றது. வெளியூரிலிருந்து புதிதாக வந்த ஒருவர் என்னை வாய்க்கு வந்தபடி திட்டினார். பத்துப் பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள், யாரோ சிரிக்கவும் செய்தார்கள். நானும் அவர் பக்கத்திலேயே, சர்வர் எழுந்து வரும்வரை, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். திட்டு எனக்கு வலிக்காமல் இல்லை. ஆனால் ஆகாத ஒன்றை ஆகிவிட்டது என்று சொல்லி ஒருவரை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பிவைப்பதைவிட, இன்னும் ஆகவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு அவரோடு சேர்ந்து நிற்பதைத்தான், யார் என்ன சொன்னாலும், நான் வேலை என்று இன்று நினைக்கிறேன்.